இறுக்க இறுக்கக் கசிந்த கதை

காலையில் அம்மா போட்ட கோலத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புச் சொட்டு கிடந்தது. யாரோ வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டார்கள் என்று அம்மாவுக்குக் கோபம். நான் குனிந்து விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் லேசான எண்ணெய் வாடை. பத்து நிமிடம் முன்னால்தான் காரைப் பின்னுக்கு எடுத்து அதே இடத்தில் நிறுத்தியிருந்தேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியவனும் நான்தான்.

அது அப்பாவின் கார். 2004-இல் தயாரான டொயோட்டா கேம்ரி, 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 4 கியர் ஆட்டோமேட்டிக். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சென்னை டிராஃபிக்கில் கிளட்சை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். அதனால் பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினோம். அதன் கியர்பாக்ஸ் ஓடும்வரைதான் அவர் தன் விருப்பத்துக்கு வெளியே போய்வர முடியும். அந்த ஒரு சொட்டைப் பார்த்து நான் பயந்தது அதனால்தான்.

சொட்டு என்றால் என்ன கணக்கு என்று அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 1440 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 70 மில்லி. இரண்டே வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். எஞ்சினில் ஆயில் குறைந்தால் பெரும்பாலும் விளக்கு எரிந்து எச்சரிக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அப்படி எதுவும் எரியாது. திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கும், மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகத் தொடங்கியிருக்கும்.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கை 10 மில்லிமீட்டர் ஆலன் கீயால் திறந்து வடித்தேன். ஃபில்டரையும் மாற்றிவிடலாம் என்று சேம்பரையும் கழற்றினேன். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனை நம் ஊர் மெக்கானிக்குகள் சேம்பர் என்றுதான் சொல்வார்கள், கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டைப் பேக்கிங் என்பார்கள். எனக்கும் அந்தச் சொற்கள்தான் வருகின்றன. சேம்பருக்குள் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறத்தில் களிம்புபோல் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தேன். அந்த மாதிரி மென்மையான தூள் இருப்பது இயல்பு. சில்லு சில்லாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிறகு புதுப் பேக்கிங் வைத்தேன். ஜி.பி. ரோட்டில் தேடி வாங்கிய நல்ல பேக்கிங். அதற்கு இரண்டு பக்கமும், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, சிலிக்கான் பசையைத் தாராளமாகத் தடவினேன். போல்ட்டுகளைக் கைபலம் உள்ளமட்டும் இறுக்கினேன்.

மறுநாள் சொட்டு. படுத்து இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இரண்டு நாள் நின்றதுபோல் இருந்தது, மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாக வந்தது. இன்னும் இறுக்கினேன். அப்போது ஒரு போல்ட் திடீரென்று லேசாகச் சுற்றியது. ஸ்பேனர் வைத்துப் பழகியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். எதிர்ப்பு கூடிக்கொண்டே வந்து, சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போகும். மரை போய்விட்டது. கியர்பாக்ஸின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டுக்கும் சண்டை வந்தால் அலுமினியம்தான் தோற்கும்.

எங்கள் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் உண்டு. சேம்பரை மறுபடி கழற்றி அவரிடம் கொண்டுபோனேன். மரை போன ஓட்டையைப் பற்றித்தான் கேட்கப் போனேன். அவர் அதைக் காதில் வாங்காமல் சேம்பரைக் கவிழ்த்து, துல்லியமான சமதளப் பலகையான தன் சர்ஃபேஸ் பிளேட்டின்மேல் வைத்தார். பின்பக்கம் டார்ச்சைப் பிடித்தார்.

"வந்து பாரு தம்பி."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு போல்ட் ஓட்டையும் பிளேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே கோடு கோடாக வெளிச்சம்.

"ஓட்டைகிட்ட மட்டும்தான் உன் பேக்கிங் அழுந்தியிருக்கு. நடுவுல பிடிமானமே இல்ல. நீ இறுக்க இறுக்க ஓட்டை இன்னும் மேல போவும், நடுவுல இன்னும் தொறக்கும்."

"அப்போ இறுக்கினதே தப்பா அண்ணே?"

"இறுக்குறது தப்பில்ல. எவ்ளோன்னு கணக்கு இருக்கு."

சேம்பர் என்பது மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த தட்டு. போல்ட்டின் தலை கீழிருந்து அழுத்தும்போது ஓட்டையைச் சுற்றியுள்ள தகடு மேல்நோக்கிக் குழிந்து எழும்பும். எழும்பிய இடம் கியர்பாக்ஸை முட்டிக்கொள்ளும், பேக்கிங்கை அங்கே நசுக்கும். இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் தகடு விலகி நிற்கும். கசிவு வருவது அங்கேதான். முதல் இரண்டு நாள் நின்றது ஏன் என்றும் அண்ணன் சொன்னார். புதிதாக நசுங்கிய ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கி அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. சூடேறி இறங்கியதும் பழைய கதைதான்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. சேம்பருக்குள் அழுத்தமே கிடையாது. பம்ப் உண்டாக்கும் அழுத்தம் எல்லாம், கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்களிலும். சேம்பரில் இருப்பது வெறுமனே தேங்கி நிற்கும் ஆயில், அதற்கு மேல் காற்று, அந்தக் காற்று வெளியே போய்வர மேலே ஒரு பிரீதர். ஒரு வாளித் தண்ணீரின் அடியில் உள்ள அளவு கனம்தான் பேக்கிங்கின் மேல் விழுகிறது. அதைத் தடுக்க யானை பலம் வேண்டாம். தட்டையான விளிம்பும், சுற்றிலும் ஒரே அளவான பிடியும் போதும்.

அந்தக் கணக்கு எவ்வளவு? இந்த வகைச் சேம்பர் போல்ட்டுகளுக்கு ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர். எண்ணாகச் சொன்னால் கைக்குப் புரியாது. ஒரு சாண் நீளமுள்ள ராட்செட்டின் நுனியில் நாலு கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். நான் என் முழுத் தோள்பலத்தையும் கொடுத்திருந்தேன். அதே காரில் டிரெயின் பிளக்குக்கு 49 நியூட்டன் மீட்டர், அதே ராட்செட்டில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோ. ஆறு மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே கையால், ஒரே வேகத்தில் இறுக்குகிறவர்கள் ஒன்றைக் கெடுத்தே தீருவார்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச், அதுவும் சின்ன அளவுகளுக்கானது ஒன்று வாங்கிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய டார்க் ரெஞ்சில் 8 என்ற அளவே இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது.

அண்ணன் சேம்பரின் விளிம்பை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, எழும்பிய ஒவ்வோர் ஓட்டையையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினார். நாலு தட்டு, பிளேட்டில் வைத்துப் பார்ப்பார், மறுபடி இரண்டு தட்டு. அரை மணி நேரத்தில் டார்ச் வெளிச்சம் எங்கும் தெரியவில்லை. சர்ஃபேஸ் பிளேட் இல்லாதவர்கள் தடித்த கண்ணாடிப் பலகையிலோ சமையலறை கிரானைட் மேடையிலோ வைத்துப் பார்க்கலாம். பழைய கார் சேம்பரைக் கழற்றும் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நமக்கு முன்னால் அதைத் திறந்தவர் எவ்வளவு இறுக்கினார் என்று நமக்குத் தெரியாது.

மரை போன ஓட்டைக்கு ஹெலிகாயில் போட்டோம். 10 மில்லிமீட்டர் தலையுள்ள அந்தப் போல்ட்டுகள் எம்6 அளவு. ஓட்டையை 6.3 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, அதற்கான டேப் என்னும் மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, எஃகுச் சுருளைத் திருகி உள்ளே இறக்குவது. வண்டிக்கு அடியில் படுத்து, தலைகீழாக, அலுமினியச் சீவல் உள்ளே போகாமல் செய்ய வேண்டும். டிரில் பிட்டிலும் டேப்பிலும் கிரீஸ் பூசிக்கொண்டால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அண்ணன் என் வீட்டுக்கே வந்து செய்துகொடுத்தார். அந்த வேலையை நானாகச் செய்யும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

சிலிக்கான் பசை. எந்தக் கம்பெனிப் பசையாக இருந்தாலும் சென்னைப் பட்டறைகளில் அதற்குப் பெயர் அனபாண்ட்தான், அவ்வளவு புழக்கம். பசை நல்ல பொருள்தான். பேக்கிங்கே இல்லாமல், பசையை மட்டும் நம்பி வடிவமைத்த சேம்பர்கள் உண்டு. அங்கே எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, ஒரே சீரான கோடாக இழுத்து, காயவிட்டுப் பிறகு ஆயில் ஊற்ற வேண்டும். ஆனால் ரப்பர் பேக்கிங்கோடு சேர்ந்தால் அது கேடு. ஈரமான பசை ரப்பருக்கு வழுக்குத் தரையாகிவிடுகிறது. போல்ட்டை இறுக்கும்போது பேக்கிங் நிற்காமல் வெளியே வழுக்கிப் பிதுங்கும். என் பேக்கிங்கின் ஒரு மூலை அப்படித்தான் ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தது. உள்பக்கம் பிதுங்கிய பசை காய்ந்து, துண்டு துண்டாகி, ஆயிலில் மிதந்து ஃபில்டரின் வாயில் போய் உட்காரும். என் சேம்பருக்குள் மண்புழு மாதிரி அரை அங்குலத் துண்டு ஒன்று கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். ரப்பர் பேக்கிங் என்றால் உலர்ந்த பரப்பு, உலர்ந்த பேக்கிங், வேறொன்றும் வேண்டாம்.

உலர்ந்த பரப்பு என்று எழுதுவது எளிது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்தவர்களுக்கு அது எவ்வளவு பாடு என்று தெரியும். வால்வு பாடியின் நூற்றுக்கணக்கான சந்துகளில் இருந்து ஆயில் மணிக்கணக்காகச் சொட்டிக்கொண்டே இருக்கும். துடைத்துத் திரும்புவதற்குள் விளிம்பில் மறுபடி ஒரு கோடு. முதல் முறை நான் அந்த ஈரத்தோடுதான் மூடினேன். இரண்டாம் முறை சேம்பரைக் கழற்றி, கீழே பெரிய தட்டு வைத்து, தூசி போகாமல் துணியால் மறைத்து, இரவு முழுவதும் விட்டுவிட்டேன். காலையில் சொட்டு ஏறக்குறைய நின்றிருந்தது. ஒட்டியிருந்த பழைய பேக்கிங் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். அலுமினியத்தில் இரும்புப் பிளேடால் ஒரு கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்கு வாய்க்கால். பழைய பேக்கிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, தெரியாமல் அதன்மேல் புதியதை வைத்து மூடுகிறவர்களும் உண்டு, விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். நூல் பிரியாத துணி முக்கியம். பழைய பனியன் வேண்டாம், அதன் ஒரு நூல் வால்வில் சிக்கினால் போதும்.

போல்ட் ஓட்டைகளைப் பற்றி யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று. மறுமுனை திறக்காத ஓட்டைக்குள் ஆயில் நிறைந்திருந்தால் போல்ட் உள்ளே போகும்போது ஆயிலுக்குப் போக இடமில்லை. ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், ஆனால் தலை இன்னும் சரியாக உட்கார்ந்திருக்காது. காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வோர் ஓட்டையையும் ஒற்றி எடுத்தேன். பிறகு எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றிவிட்டு, எதிரெதிராக, முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாம் சுற்றில் முழு அளவு. அடுத்த நாள் ஆசைக்கு இன்னொரு இழுப்பு இழுக்கவில்லை.

டிரெயின் பிளக்கின் கதை சுருக்கமானது. அதன் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். நசுங்கி அடைப்பதற்காகவே செய்த மென்மையான உலோகம் அது, ஒருமுறை நசுங்கியது இறுகிப்போய்விடும். பழைய மெக்கானிக்குகள் செப்பு வாஷரைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி மென்மையாக்குவார்கள், செம்பில் அது உண்மையாகவே வேலை செய்யும். அலுமினிய வாஷரில் முயல வேண்டாம். அது 660 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு முன்னால் நிறம் மாறி எச்சரிக்கவும் செய்யாது. நண்பரின் ஹோண்டா சிவிக்கில் சேம்பரே கிடையாது. ராட்செட்டின் சதுர முனையே நேராகப் பொருந்தும் ஒரு பிளக், ஒரு 18 மில்லிமீட்டர் வாஷர், 49 நியூட்டன் மீட்டர், வேலை முடிந்தது. பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் இல்லாத புதுவகைக் கார் வைத்திருப்பவர்கள் வடிப்பதற்கு முன்னால் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே எல்லாம் வடித்தபின் மேலே இறுகிக்கிடந்தால் வண்டியை நகர்த்தவும் முடியாது.

சேம்பரும் பிளக்கும் சரியாக இருந்தும் சொட்டு வந்தால் அவசரப்பட்டுத் திரும்பக் கழற்ற வேண்டாம். சிவப்பு என்பது வெறும் சாயம், வேறு ஆயிலிலிருந்து பிரித்து அடையாளம் காணச் சேர்ப்பது. ஆனால் இந்தக் கேம்ரியின் பவர் ஸ்டீரிங்கிலும் டெக்ஸ்ரான் வகைச் சிவப்பு ஆயில்தான் ஓடுகிறது. ஸ்டீரிங் ராக்கில் கசிந்து ஓடிவந்து சேம்பர் முனையில் தொங்கும் சொட்டைப் பார்த்து கியர்பாக்ஸைப் பழி சொல்லிவிடலாம். ஆயில் கீழ்நோக்கி ஓடும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். எனவே ஈரமாக இருக்கும் இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எதுவோ, அங்கேதான் கசிவு தொடங்குகிறது. அடிப்பகுதியை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைப் பரப்பில் கசிவு தானே கோடு போட்டுக் காட்டும். ஆக்ஸில் சீல், டிப்ஸ்டிக் குழாயின் அடியில் இருக்கும் ஓ-ரிங், கூலர் குழாயின் கிளிப் ஆகியவை பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்.

அளவுக்கு மேல் ஊற்றுவதும் கசிவாகத்தான் வெளியே தெரியும். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்க, நுரை பிரீதர் வழியாக வெளியேறிக் கியர்பாக்ஸின் மேல் வழியும். பேக்கிங் போய்விட்டது என்று நினைப்போம். வடித்த ஆயிலைக் காலி லிட்டர் பாட்டில்களில் அளந்து, அதே அளவுக்கு ஊற்றுவதுதான் நல்ல தொடக்கம். என் காரில் வடித்து ஊற்றும் அளவு 3.5 லிட்டர், டைப் டி-4 ஆயில். பிறகு டிப்ஸ்டிக். டொயோட்டாவில் ஆயில் 70 முதல் 80 டிகிரி வரை சூடேறிய பின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய் 'பி' என்னும் பார்க்கிங் நிலைக்குத் திரும்பிய பிறகு பார்க்க வேண்டும். நண்பரின் சிவிக்கிலோ எஞ்சினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டொயோட்டாவின் முறையை அவர் பின்பற்றினால் தவறான அளவுதான் கிடைக்கும்.

ஒரு நண்பர் கசிவை நிறுத்தும் மருந்து ஒன்றை ஊற்றச் சொன்னார். அவை ரப்பர் சீல்களை மென்மையாக்கி உப்பவைக்கும் சரக்குகள். வறண்டு இறுகிய சீலில் கொஞ்ச காலம் பலன் தரலாம். வளைந்த தகட்டையோ நசுங்கிய வாஷரையோ எந்த மருந்தும் நிமிர்த்தாது. பிரேக் ஆயிலை ஒரு மூடி ஊற்றினால் சீல் உப்பிக்கொள்ளும் என்று ஒரு நாட்டு வைத்தியம் பட்டறைகளில் உலவுகிறது. தயவுசெய்து வேண்டாம், உப்பிய சீல் பிறகு கூழாகிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் சேர்மானம் அவ்வளவு நுட்பமானது. 1970களின் தொடக்கம்வரை அமெரிக்க ஆயில்களில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்த்தார்கள். கிளட்ச் தட்டுகள் உதறாமல் பிடிக்க அதுவே சிறந்த பொருளாக இருந்தது. 1973-இல் அழியும் உயிரினங்களுக்கான சட்டம் அங்கே வந்தது. திமிங்கில எண்ணெய்க்கு மாற்றாக வேறு பொருட்களைச் சேர்த்து வந்த கலவைகளில் ஒன்று கூலரின் பற்றவைப்பு இணைப்புகளை அரிக்க, துருத்தடுப்பு சேர்த்து மறுபடி வெளியிட வேண்டிவந்தது. ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களுக்கே அந்தப் பாடு என்னும்போது, நாம் ஒரு மூடி எதையாவது ஊற்றிப் பார்ப்பது சரியில்லை. கையேட்டில் எழுதியிருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை மூடிய அன்றிரவு காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, சேம்பரின் நாலு மூலையும் எங்கே வரும் என்று பேனாவால் குறித்து வைத்தேன். முதல் நாள் காலை ஓர் ஈரம். நெஞ்சு அடித்துக்கொண்டது. தொட்டால் வெறும் தண்ணீர், ஏசியிலிருந்து வடிந்தது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அப்பாவையே ஓட்டச் சொல்லிப் பூந்தமல்லி வரை போய்வந்தோம். போகும் வழியில் ஒவ்வொரு மேம்பாலத்திலும் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோ முள்ளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் அது தனியாக எகிறவில்லை. வீட்டுக்கு வந்து, எஞ்சினை அணைக்காமல், டிப்ஸ்டிக்கை எடுத்து ஒருமுறை துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். சூட்டுக் குறியின் நடுவில், தெளிவான சிவப்பு. மாஸ்கிங் டேப்பில் தேதி, கிலோமீட்டர், 3.5 லிட்டர், புது வாஷர், போல்ட் 8 என்று எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துவிட்டு, கீழே எந்த ஓட்டைக்கு ஹெலிகாயில் போட்டது என்பதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.